செங்காய்

காலை ஆறு ஐம்பதுக்குச் சின்னவள் குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்தாள். ஏழு மணிக்கு அவகாடோவை மசித்தாள்.

மசித்தாள் என்று சொல்ல முடியாது. முள்கரண்டி பட்டதும் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்தியால் சீவி, கரண்டியின் முதுகால் அழுத்தி, நாலு சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்தாள். கிண்ணத்தின் அடியில் பச்சையாக, நறநறவென்று ஏதோ ஒன்று சேர்ந்தது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி நுனியை உதட்டில் தொட்டாள்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. பால் ஏப்பம் விட்டது. இரண்டாம் முறை நாக்கில் கொஞ்சம் பட்டது. முகம் சுருங்கியது. நாக்கு அதை அப்படியே வெளியே தள்ளியது. தாடையில் வழிந்ததைச் சின்னவள் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"பிடிக்கலையா சுண்டு? சரி, விடு."

குரல் வருத்தமாகத்தான் இருந்தது. கை மட்டும் கிண்ணத்தை அவசரமாக நகர்த்தியது.

இன்றோடு ஒன்பது நாள்.

பிறந்த வீட்டில் இரண்டு பெண்கள், பெரியவள், சின்னவள். இருவரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஒரே தையல்காரியிடம் ஒரே துணியில் தொளதொளவென்று உடுப்பு தைத்துக்கொண்டார்கள். சின்னவளுக்குப் பிறந்தது மூன்று நாள் இருந்தது. அதற்குப் பத்தொன்பது நாள் கழித்துப் பெரியவளுக்குப் பிறந்தது. பெரியவள் அன்று சாயங்காலம் வரை இருந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்ற சின்னவளின் கையில் யாரோ ஒரு துணிச்சுருளைக் கொடுத்தார்கள். அது அழுதது. சின்னவளின் மார்பு நனைந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பெரியவள் போன பிறகும் சின்னவள் சின்னவளாகவே இருந்தாள். குழந்தைக்குச் சித்தி. நாலு பேர் எதிரில் "சித்திகிட்ட வா" என்பாள். தனியாக இருக்கும்போது சித்தி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.

அத்தான், பெரியவளின் கணவர், பாட்டில் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்.

"பால் குடிக்கிற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும் சின்னு. வாயில சாப்பாடு வச்சதும் நான் கூட்டிட்டுப் போயிடறேன். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

சின்னவள் தலையாட்டினாள். ஒரு மாதக் குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்கு ஆறு மாதம் என்பது கண்ணுக்கெட்டாத தூரம்.

இப்போது அத்தான் ஐந்து மணி நேர ரயில் தூரத்தில், வேறு ஆலையில் இருந்தார். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் உண்டு. அதற்காகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். காப்பகத்தின் விண்ணப்பம் இரண்டு பக்கம். ஒரு பிரதி சின்னவளின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். கரண்டியில் திட உணவு எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு நேரே ஒரு கட்டம். அதில் கிளினிக் நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். இடம் மாதக் கடைசி வரைதான். விட்டால் அடுத்த வருஷம்.

இந்த ஒரு மாதம் தாண்டினால் போதும். சின்னவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கணவன் மத்தியானம் ஒன்றரைக்கு வந்தான். அவனுக்கு மொத்தப் பழ குடோனில் தரம் பிரிக்கிற வேலை. பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதை மூன்றாகப் பிரிப்பான். காய் தூரத்து ஊர்களுக்கு. செங்காய் கடைகளுக்கு. பழம் அன்றைக்கே ஜூஸ் போடுகிறவர்களுக்கு. கண்ணால் பார்க்கமாட்டான். காம்போரம் விரலை வைத்ததும் கை தானாக அந்தந்தப் பெட்டிக்குப் போய்விடும். குடோனில் அவனுக்குக் கட்டைவிரல் என்றே பெயர்.

சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அவகாடோவை எடுத்து மேசையில் வைத்தான். மேசையில் அது டக்கென்றது.

"நாளைக்கு ஆயிடும்."

"சரிங்க."

"இன்னிக்கு எப்படி?"

"துப்பிட்டா."

அவன் குழந்தையைத் தூக்கி, கன்னத்தில் மீசையால் உரசினான். "நாக்கு ரொம்ப நீளம்டி உனக்கு. பழக்கடைக்காரன் வீட்ல பொறந்துட்டு பழம் பிடிக்கலையா?"

பிறந்தது இந்த வீட்டில் அல்ல. இருவரும் அதைத் திருத்தவில்லை.

அவன் குளிக்கப் போனதும் சின்னவள் பழத்தை எடுத்து, ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் வைத்தாள். ஏற்கெனவே அங்கே இரண்டு இருந்தன. கல்யாணமான புதிதில் அவள் தெரியாமல் இப்படி வைத்தபோது அவன்தான் சொல்லிக்கொடுத்தான்: காயைக் குளிரில் வைத்தால் அது பழுப்பதையே மறந்துவிடும், நாலு நாளில் உள்ளே கறுக்கும், ஆனால் கல்லாகவே இருக்கும். அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பழம்கூட மறக்குமா என்று கேட்டாள்.

இப்போது கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். விண்ணப்பத்தின் ஓரம் காற்றில் ஒருமுறை எழும்பி அடங்கியது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தானின் போன் வந்தது. ஆலை இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்.

"இன்னிக்காவது இறங்கிச்சா?"

"இல்ல அத்தான். துப்பிடறா."

"வேற ஏதாவது குடுத்துப் பாக்கலாமா?"

"முதல்ல இது பழகட்டும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

அது பாதி உண்மை. இதில் தொடங்கலாம் என்று மட்டும்தான் நர்ஸ் சொன்னார்.

"உங்க அக்கா சாப்பாட்டைக் கண்டா விடமாட்டா. இது யாரை மாதிரி?" அத்தான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இங்க கட்டில் வாங்கிப் போட்டுட்டேன் சின்னு. ஜன்னல் பக்கத்துல போடலை. வெயில் மூஞ்சில அடிக்கும்னு இந்தப் பக்கம் போட்டிருக்கேன். சரிதானே?"

"சரிதான் அத்தான்."

"நாளைக்கு எடை பாக்கற நாள் இல்ல? பாத்துட்டுச் சொல்லு."

கிளினிக்கில் பதினோராம் எண் சீட்டு கிடைத்தது. நர்ஸ் வயதானவர். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குழந்தையின் உடுப்பைக் கழற்றித் தராசில் படுக்கவைத்தார்கள். குழந்தை கையைக் காலை உதைத்தது. முள் நிற்கும்வரை நர்ஸ் தன் உள்ளங்கையைக் குழந்தைக்கு மேலே, தொடாமல், குடை மாதிரி பிடித்திருந்தார்.

"ஆறு கிலோ எண்ணூறு."

அட்டையை எடுத்தார். போன மாதம் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் புதுப் புள்ளி வைத்தார். இரண்டையும் கோட்டால் சேர்த்தார். அதுவரை படிப்படியாக ஏறிய கோடு அங்கே படுத்துக்கொண்டது.

"போன மாசமும் ஆறு எண்ணூறு."

நர்ஸ் குழந்தையின் கீழ்க்கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார்.

"ராத்திரி தூங்கறாளா?"

"அடிக்கடி எழுந்துக்கறா. துணி நுனியை வாயில வச்சுச் சப்பறா."

"பசிம்மா அது. ஆறு மாசத்துக்கு மேல பால் மட்டும் பத்தாது. பால்ல இரும்பு ரொம்பக் கம்மி. பொறக்கும்போது கொண்டு வந்தது இந்நேரம் தீர்ந்து போயிருக்கும்." நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ன குடுக்கறீங்க?"

"அவகாடோ. மசிச்சு."

"கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள். நர்ஸ் மூடியைத் திறந்து முகர்ந்தார். மரக்குச்சியால் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். இரண்டு முறை மென்றார். குப்பைக்கூடைப் பக்கம் திரும்பித் துப்பினார்.

"கசக்குது. காய் இது. இதை நானே துப்பறேன். அவ துப்பாம என்ன செய்வா? யார் வாங்கிட்டு வர்றது?"

"வீட்டுக்காரர்."

"ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்? அவர் என்ன வேலை பாக்கறார்?"

"பழ குடோன்ல. தரம் பிரிக்கிறது."

நர்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெளியே யாரோ பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"தரம் பிரிக்கிறவர்," என்றார் நர்ஸ். அவ்வளவுதான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கிழமை வாங்க. ரத்தத்துல என்ன வருதுன்னு பாத்து மருந்து எழுதித் தரேன். இனிமே பழத்தைக் குடுங்க. பாலுக்கு முன்னாடி குடுங்க. பின்னாடி இல்ல."

பாலுக்குப் பின்னாடிதான் கொடுக்கிறாள் என்று நர்ஸுக்கு யார் சொன்னது? சின்னவளுக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு பழக்கடை வாசலில் நின்றாள். அவகாடோ ஒன்றை எடுத்துக் காம்போரம் அழுத்தினாள். விரல் லேசாக உள்வாங்கியது. வேலை தெரியாத அவள் விரலுக்கே தெரிந்தது. ஒன்பது நாளில் ஐந்து கொண்டுவந்தான். அத்தனையும் கல். தூக்கத்தில் எழுப்பிக் கையில் கொடுத்தாலும் தப்பாமல் சொல்கிறவன், ஐந்து முறை மேசையில் கல்லை வைத்துவிட்டு நாளைக்கு ஆயிடும் என்றான். காய் பழுக்க ஒரு நாள் போதாது என்று அவனுக்குத் தெரியாதா? அவள் தன் திருட்டை மறைப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்துவிட்டாள். இன்னொரு திருட்டு நடந்தது கண்ணில் படவே இல்லை.

மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டைத் தட்டை நகர்த்தி, மூன்று காய்களையும் எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

அவன் பார்த்தான். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"முட்டை எடுக்கும்போது பாத்தேன்."

"என்னைக்கு?"

"ரெண்டாம் நாளே."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீயும்தான் சொல்லலை." தண்ணீரைக் குடித்தான். "பழம்தான் எடுப்பேன். நல்லதாப் பாத்து எடுத்துக் கைக்குட்டையில சுத்துவேன். கேட் கிட்ட வந்ததும் காலு நகராது. திரும்பிப் போய் அதைப் போட்டுட்டு, காய் ஒண்ணு எடுத்துட்டு வருவேன். ஐயோ கட்டைவிரலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நேத்து வாட்ச்மேன் சிரிக்கிறான்."

"நான்தான் இதைச் செய்யறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நானும் நான்தான் செய்யறேன்னு நினைச்சேன். அப்புறம் முட்டை எடுத்தேன்."

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். சின்னவள் அட்டையை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தாள்.

"ஒரு மாசமா ஒரு கிராம்கூட ஏறலைங்க. ரத்தமும் இல்லையாம். ராத்திரி துணியைத் திங்கறா. பசிங்க அது. நாம விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சோமே, அது."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அட்டையில் கோடு ஏறும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தான். படுத்த இடத்தில் விரல் நின்றது. தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு, போர்வை நுனியைத் தேடி வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. சத்தம் இருவருக்கும் கேட்டது.

தட்டில் பாதி சாப்பாடு இருந்தது. அவன் எழுந்துபோய்க் கை கழுவினான்.

மறுநாள் பத்தரைக்கே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தான். இந்த முறை சத்தம் எழவில்லை.

"இன்னிக்கு," என்றான்.

அவனே வெட்டினான். கத்தி கொட்டையைச் சுற்றித் தானாக வழிந்தது. இரண்டு பாதியையும் திருகியதும் பிரிந்தன. உள்ளே ஓரத்தில் பச்சை, நடுவில் மஞ்சள். கரண்டியால் தோண்டிக் கிண்ணத்தில் போட்டான். முள்கரண்டியை வைத்ததும் குழைந்தது.

சின்னவள் ஏழு மணிக்கு மேல் பால் கொடுக்கவில்லை. குழந்தை அரைமணி நேரமாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. மடியில் வைத்ததும் மார்பை முட்டியது. இரண்டு பக்கமும் பால் கசிந்து துணியை நனைத்தது. சின்னவள் குழந்தையைத் திருப்பி, முதுகு தன்மேல் சாயும்படி வைத்துக்கொண்டாள். அப்போதுதான் குழந்தைக்குப் பால் வாசனை தெரியாது.

"நீங்க குடுங்க."

"நான் வேண்டாம். நீ குடு."

"என்னால முடியாது."

"என்னாலயும்தான் முடியாது." கரண்டியை அவள் கையில் வைத்தான்.

நுனியில் கொஞ்சமாக எடுத்து உதட்டில் தொட்டாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. நாக்கு வெளியே வந்தது, தொட்டது, உள்ளே போனது. புருவம் இரண்டும் சேர்ந்தன. என்ன இது என்று யோசிக்கிற முகம். தொண்டை அசைந்தது. பிறகு வாய் திறந்தது. சும்மா இல்லை, குருவிக்குஞ்சு மாதிரி, முகமே வாயாகத் திறந்தது.

சின்னவள் அடுத்ததைக் கொடுத்தாள். அதற்கடுத்ததை எடுப்பதற்குள் குழந்தை கரண்டியைக் கையால் பிடித்து இழுத்தது. மூக்கில், கன்னத்தில், காதோரத்தில் அப்பிக்கொண்டது.

"அப்படியே அவங்க அம்மா," என்றான் கணவன். "அவளும் தட்டை வழிச்சு முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பா. கல்யாணத்தன்னிக்கு சகலை பயந்தே போயிட்டான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்குப் போன் வந்தது. இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது. சின்னவள் அந்த நொடியைப் போகவிட்டாள்.

"ரெண்டு கரண்டி சாப்பிட்டா அத்தான். மசிச்சதை."

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. போனை வாயிலிருந்து நகர்த்தும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நிஜமாவா?"

"ஆமா அத்தான்."

"நீ இல்லன்னா என் புள்ள இல்ல சின்னு."

சின்னவள் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, பாலைக் கழுவுதொட்டியில் பீய்ச்சினாள். தண்ணீரில் கலந்து ஓடியது.

வியாழக்கிழமை நர்ஸ் இரும்புச் சொட்டுமருந்து எழுதித் தந்தார். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டு, முத்திரையை வாயால் ஊதி அடித்தார். சின்னவளின் கையை ஒருமுறை அழுத்தினார்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். பையில் ரப்பர் முனை வைத்த கரண்டிகள் இரண்டு, கழுத்தில் கட்டும் துணி ஆறு, ஒரு நோட்டுப் புத்தகம். குழந்தையைத் தூக்கினார். அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று பார்த்தது. அழவில்லை.

சகலைகள் இருவரும் மேசையருகில் உட்கார்ந்தார்கள். கணவன் சொல்லச் சொல்ல அத்தான் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"கல்லு மாதிரி இருந்தா வெளியிலயே வைங்க. நாலஞ்சு நாள் ஆகும். காம்போரம் அமுங்கினா அன்னிக்கே வெட்டிடணும். காம்பு போன இடத்துல கறுப்பா இருந்தா வாங்காதீங்க, அழுகல்."

"மெதுவாச் சொல்லுங்க சகலை. ஃப்ரிட்ஜ்?"

கணவன் ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"காயை வைக்காதீங்க. பழமானதுக்கு அப்புறம் வைக்கலாம்."

"காயை வைக்கக் கூடாது," என்று அத்தான் எழுதினார். "வச்சா?"

"பழுக்காது."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சின்னவள் மசித்துக் கொண்டுவந்து வைத்தாள். அத்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தான் வாங்கிவந்த கரண்டியை எடுத்தார். இயந்திரத்தில் எண்ணெய் விடுகிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். கரண்டி நிறைய எடுத்தார்.

"நுனியில மட்டும் அத்தான். மேல சாய்க்காதீங்க. அவளே வாயை மூடி எடுத்துப்பா."

குழந்தை எடுத்துக்கொண்டது. அத்தானின் வாயும் கூடவே திறந்து மூடியது. அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் கைக்குப் பழகிவிட்டது. அவர் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள்.

சாயங்காலம் நாலு பத்துக்கு ரயில். குழந்தையின் துணிகள் மடித்துக் கட்டிலில் இருந்தன. பையில் இன்னும் வைக்கவில்லை.

ஆறாவது கரண்டிக்குக் குழந்தை வாயைத் திறக்கவில்லை. தலையைத் திருப்பியது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற சின்னவளைப் பார்த்தது. உடம்பு முழுவதையும் அவள் பக்கம் சாய்த்து, மார்பை நோக்கிக் கையை நீட்டியது. வாய் திறந்திருந்தது. அத்தான் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, எழுதிக்கொள்வதற்காக மறு கையால் நோட்டை இழுத்தார்.

"இது போதும்னு அர்த்தமா சின்னு?"